வட்டி எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது?

கேள்வி: மளிகை டெலிவரி செய்யும் ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கிறேன். கம்பெனி ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது, ஒரு வருடம்கூட லாபம் வரவில்லை. இப்போது சம்பளத்தில் 30 சதவீதத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக ஈசாப் (ESOP, பின்னால் குறித்த விலையில் கம்பெனிப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை) தருகிறோம் என்கிறார்கள். “அமேசானும் பல வருடம் நஷ்டத்தில்தான் ஓடியது” என்கிறார் நிறுவனர். நான் அறிவியல் புனைகதைகளில் ஊறியவன். ஸ்டார் ட்ரெக் உலகில் பணமே இல்லை, யாரும் லாப நஷ்டம் பார்ப்பதில்லை. நாங்களும் அப்படியொரு எதிர்காலத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோமா? ஈசாப்பை ஏற்கலாமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெங்களூரில் சம்பளத்தில் 30 சதவீதம் என்றால் பலருக்கு அது வீட்டு வாடகை. அதனால் கதையையும் கணக்கையும் சேர்த்தே பேசுவோம்.

ஸ்டார் ட்ரெக்கில் பணம் மறைந்ததற்குக் காரணம் இருக்கிறது. ரெப்ளிகேட்டர் என்ற இயந்திரம் கேட்டதைச் செய்து தந்துவிடுகிறது. இன்னொரு தட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. மென்பொருள் கம்பெனிகள் அந்த உலகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கின்றன. ஒருமுறை எழுதிய நிரலை ஆயிரமாவது ஆளுக்குக் கொடுக்கப் புதிதாகப் பெரிய செலவு வராது. நீங்கள் விற்பதோ பாலும் தக்காளியும். ஆயிரமாவது ஆர்டருக்கும் ஒருவர் பெட்ரோல் போட்டு வண்டி ஓட்டியாக வேண்டும்.

உங்களுக்குப் பொருந்துகிற கற்பனை வேறொன்று. 1978-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இளம் பொருளாதார ஆசிரியராக இருந்த பால் க்ரூக்மன், நட்சத்திரங்களுக்கு இடையிலான வணிகம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விளையாட்டாக எழுதியதுதான். 2010-இல்தான் ஓர் ஆய்விதழில் அச்சானது. அதற்குள் அவர் நோபல் பரிசே வாங்கிவிட்டார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் அஸிமோவின் ஃபவுண்டேஷன் நாவல்களைப் படித்துத்தான் பொருளாதாரத்தின் பக்கம் வந்ததாகச் சொல்பவர் அவர்.

கட்டுரையின் கேள்வி இது: ஒளியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும் கப்பலில் சரக்கு போகிறது. ஐன்ஸ்டைன் சொன்னபடி, கப்பலில் இருப்பவருக்குச் சில வருடங்கள்தான் கழிந்திருக்கும், கிரகத்திலோ பல பத்தாண்டுகள் ஓடியிருக்கும். அப்படியானால் சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டியை எந்தக் கடிகாரப்படி போடுவது? கிரகத்தின் கடிகாரப்படி என்று நிறுவுகிறார். ஏனென்றால் அந்த வணிகர் சரக்கு வாங்காமல் பணத்தை ஊரிலேயே வட்டிக்கு விட்டிருக்கலாம். அந்த வட்டி, கப்பலுக்காகக் காத்திருக்காமல் ஊர் நேரத்தில் வளர்ந்துகொண்டே இருக்கும்.

உங்கள் நிறுவனர் கப்பலுக்குள் இருக்கிறார். இராப்பகலாக உழைப்பவருக்கு ஏழு வருடம் கண்மூடித் திறப்பதற்குள் போயிருக்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் முதலீட்டாளரின் பணமும், இனி உங்கள் சம்பளமும், ஊர்க் கடிகாரத்தில் ஓடுபவை. பத்து வருடம் கழித்துக் கிடைக்கும் 1 லட்சம் ரூபாயின் இன்றைய மதிப்பு, வட்டி 1 சதவீதமாக இருந்தால் சுமார் ₹90,500. வட்டி 7 சதவீதமானால் சுமார் ₹50,800தான். 2008 நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் பெரும்பாலான வருடங்கள் வட்டி பூஜ்யத்தை ஒட்டியே கிடந்ததால், லாபத்துக்கு எத்தனை வருடமானாலும் காத்திருக்கப் பணம் இருந்தது. 2022 மார்ச்சில் வட்டி ஏறத் தொடங்கி, 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதத்தைத் தொட்டது. காத்திருப்பதற்கான விலை கூடியதும் ஃபண்டிங் உலகெங்கும் வற்றியது. உங்கள் கம்பெனியின் வேலை மோசமாகாமலேயே இது நடந்திருக்கும்.

அமேசான் விஷயம். 1994-இல் தொடங்கியது, முழு வருட லாபம் 2003-இல் வந்தது. அதுவரை உண்மை. ஆனால் வாடிக்கையாளரின் பணம் உடனே கைக்கு வந்துவிடும், சப்ளையருக்குப் பல வாரம் கழித்துக் கொடுத்தால் போதும். வியாபாரம் வளர வளரக் கையிருப்பும் கூடியது. அதோடு 2000 பிப்ரவரியில், சந்தை சரிவதற்குச் சற்று முன்னால், 69 கோடி யூரோ கடன் பத்திரம் வழியாகத் திரட்டி வைத்திருந்தார்கள். அதே காலத்தில் வெப்வேன் என்றொரு கம்பெனி இருந்தது. உங்களைப் போலவே மளிகை டெலிவரி. 26 கிடங்குகள் கட்ட சுமார் 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, 1999 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்து, 2001 ஜூலையில் திவாலானது. அந்தப் பிரம்மாண்டமான கிடங்குகளை நிரப்பும் அளவுக்கு ஆர்டர்கள் வரவே இல்லை. உங்கள் நிறுவனர் அமேசானைச் சொன்னால் நீங்கள் வெப்வேனைக் கேளுங்கள்.

ஈசாப்பில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. முதலீட்டாளர்கள் பெரும்பாலும் “விற்றால் எங்கள் பணம் முதலில்” என்று ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். அவர்கள் 200 கோடி போட்டு, கம்பெனி 180 கோடிக்கு விலைபோனால், முழுத் தொகையும் அவர்களுக்கே. உங்கள் பங்குக்கு ஒரு ரூபாய்கூட வராது. வரியும் இருக்கிறது. ஈசாப்பைப் பங்காக மாற்றும்போது, அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கணக்காகும். பங்கை வாங்க ஆளே இல்லாவிட்டாலும் கணக்காகும். அரசு அங்கீகரித்த சில ஸ்டார்ட்அப்களில் மட்டும் அந்த வரியைத் தள்ளிப்போட வழி உண்டு.

இந்த வாரமே நிதிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். சரக்கு விலை, டெலிவரிக் கூலி, தள்ளுபடி எல்லாம் போக ஓர் ஆர்டரில் எவ்வளவு மிஞ்சுகிறது, அல்லது குறைகிறது? டெலிவரி தொடங்கிப் பல வருடமான ஊர்களில் அந்த எண் வருடாவருடம் நல்லதாகிறதா? கையிலுள்ள பணம் எத்தனை மாதம் வரும்? முதலீட்டாளர்களுக்கு முன்னுரிமைத் தொகை எவ்வளவு? ஆர்டருக்கு ஆர்டர் பணம் மிஞ்சி, கையிருப்பும் 18 மாதமாவது தாங்குமென்றால், 30 சதவீதத்தை 10 ஆக்கச் சொல்லிப் பேரம் பேசி ஏற்கலாம். ஒவ்வொரு ஆர்டரும் இன்னும் நஷ்டம் என்றாலோ, எண்களைக் காட்ட மறுத்தாலோ, முழுச் சம்பளத்தைக் கேளுங்கள். வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள்.

வீட்டுக் கடன், மாதத் தவணை எதுவும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அந்த 10 சதவீதத்துக்கும் சம்மதிக்காதீர்கள்.