'டார்கெட்' என்று இருந்தால் மட்டும் போதாது, எதை டார்கெட் என்று பாருங்கள்

கேள்வி: மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் எதிராளியிடம் ஹெக்ஸ்ப்ரூஃப் (எதிராளி குறிவைக்க முடியாத பாதுகாப்பு) உள்ள ஒரே ஒரு க்ரீச்சர்தான் (சண்டையிடும் உயிரினக் கார்டு) இருந்தது. நான் டயபாலிக் எடிக்ட் போட்டேன். கார்டிலேயே 'டார்கெட்' என்று இருக்கிறது, அதனால் செல்லாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, அந்த க்ரீச்சர் போயே ஆக வேண்டும்.

கார்டைக் கையில் எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். 'டார்கெட் ப்ளேயர் சாக்ரிஃபைசஸ் எ க்ரீச்சர்'. டார்கெட்டுக்கு அடுத்த சொல் ப்ளேயர். நீங்கள் குறிவைத்தது ஆளை, க்ரீச்சரை இல்லை. எதை சாக்ரிஃபைஸ் செய்வது, அதாவது தானே இழப்பது, என்று தேர்ந்தெடுப்பவர் அவர்தான், வேறு க்ரீச்சர் இருந்திருந்தால் அதைக் கொடுத்துத் தப்பித்திருப்பார், இங்கே இருப்பது ஒன்றே ஒன்று என்பதால் வேறு வழியில்லை. ஹெக்ஸ்ப்ரூஃப் தடுப்பது அதை வைத்திருப்பவரின் எதிராளி போடும் ஸ்பெல்லும் (மந்திரம்) எபிலிட்டியும் (கார்டின் திறன்) அந்த க்ரீச்சரையே டார்கெட் செய்வதை மட்டும்தான். இதுவே டூம் ப்ளேடாக இருந்தால் கதை வேறு, அதில் 'டெஸ்ட்ராய் டார்கெட் நான்பிளாக் க்ரீச்சர்' என்று நேராக க்ரீச்சரையே சொல்கிறது, அதன் மீது போடவே முடியாது. ராத் ஆஃப் காடில் 'டெஸ்ட்ராய் ஆல் க்ரீச்சர்ஸ்' என்றுதான் இருக்கிறது, டார்கெட்டே கிடையாது, அதனால் ஹெக்ஸ்ப்ரூஃப் அங்கே எதையும் காப்பாற்றாது.

அவருக்கு லேலைன் ஆஃப் சாங்டிட்டி என்ற கார்டு இருந்திருந்தால் மட்டும் நீங்கள் தோற்றிருப்பீர்கள், அது ஆட்டக்காரருக்கே ஹெக்ஸ்ப்ரூஃப் தருகிறது.

அப்புறம், நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பசிஃபிஸம் மாதிரி ஆரா கார்டுகளில் (வேறொன்றின் மீது ஒட்டி வைக்கும் மந்திரக் கார்டுகள்) 'என்சாண்ட் க்ரீச்சர்' என்று மட்டும் இருக்கும், டார்கெட் என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது, ஆனால் ஆராவை ஸ்பெல்லாகப் போடும்போது அது டார்கெட் செய்கிறது என்பது விதி, என்சாண்ட் என்ற சொல்லுக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. ஆகவே ஹெக்ஸ்ப்ரூஃப் க்ரீச்சர் மீது எதிராளி பசிஃபிஸம் போட முடியாது. எக்விப்பும் (ஆயுதம் போன்ற கார்டை க்ரீச்சரோடு இணைப்பது) அப்படித்தான், உங்கள் க்ரீச்சரை டார்கெட் செய்கிறது, ஆனால் உங்கள் க்ரீச்சரை நீங்களே குறிவைப்பதை ஹெக்ஸ்ப்ரூஃப் தடுக்காது.

பழைய கார்டு என்றால் அச்சில் இருப்பதை வைத்து வாதாட வேண்டாம். மேஜிக்கின் அதிகாரபூர்வ கார்டுத் தொகுப்பான கேதரர் தளத்தில் அதன் இப்போதைய வாசகம் இருக்கும், செல்லுபடியாவது அதுதான்.