எடை கூடுகிறது, தனியாக இருக்கிறேன்: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 34. வேளச்சேரியில் வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். மனச்சோர்வுக்காக நான்கு மாதமாக இரவில் மிர்ட்டாஸபின் 15 மி.கி. எடுக்கிறேன். மனம் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் 68 கிலோ எடை 77 ஆகிவிட்டது (உயரம் 168 செ.மீ.). மாத்திரையை நிறுத்தலாமா? மதுரையில் உள்ள அக்கா தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்கிறார். போகலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் தலைசுற்றல், குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து நோய் திரும்புவது. மனம் முழுதாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும்.

எடை கூடியதற்கு உங்களை நொந்துகொள்ள வேண்டாம். இந்த மருந்து மூளையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் இடங்களை (ஏற்பிகளை) அடைக்கிறது. தூக்கம் வருவதும், மாவுப் பண்டங்கள், இனிப்பு மீது ஆசை கிளம்புவதும் அதனால்தான். குறைந்த அளவிலேயே இந்த அடைப்பு பெரும்பாலும் நடந்துவிடுவதால், பாதி மாத்திரை போட்டால் பசி பாதியாகும் என்று நம்ப முடியாது. உயரத்தோடு எடையை ஒப்பிடும் உங்கள் உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.) 24-லிருந்து 27 ஆகியிருக்கிறது. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன்தான். ஆகவே மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். செர்ட்ரலின் போன்ற, எடையை அதிகம் கூட்டாத மருந்துக்குப் படிப்படியாக மாற்ற முடியும். போகும்போதே டி.எஸ்.எச். (தைராய்டு), எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொழுப்புப் பரிசோதனைகளும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வும் எடையும் வரும்.

தனி அறை இதில் எங்கே சேர்கிறது? சாப்பாட்டு நேரத்தில். கூடச் சாப்பிட ஆள் இல்லாதபோது பகலில் டீயும் பிஸ்கட்டும், மாத்திரை போட்ட பிறகு இரவு பதினொரு மணிக்கு ஆர்டர் செய்த பரோட்டா என்று ஆகிவிடுகிறது. ஒரு பரோட்டா சுமார் 250 கலோரி. டீக்கு இரண்டு சிறு கரண்டி சர்க்கரை வீதம் ஆறு டீ என்றால் சர்க்கரை மட்டுமே 200-ஐத் தொடும். இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குள் முடியுங்கள். மாத்திரையைப் படுக்கப்போகும் நேரத்தில் போட்டுவிட்டு அரை மணிக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள். பசி கிளம்பும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். மிக்சர், பிஸ்கட் பாக்கெட்டை அறையில் வைக்காதீர்கள். காலையில் இரண்டு முட்டை, அல்லது ஊறவைத்து அவித்த ஒரு கிண்ணம் சுண்டல் போதும், சமைக்கத் தெரியவேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் பத்து நிமிட நடையில் தொடங்கி முப்பதுக்குக் கொண்டுபோங்கள். மனம் வந்ததும் நடக்கலாம் என்று காத்திருந்தால் நடக்கவே மாட்டீர்கள். இந்த நோயில் கால் முதலில் நகரும், மனம் பிறகுதான் வரும். எடையை வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில், ஒரே எந்திரத்தில் பாருங்கள். தினமும் பார்த்தால் மனம்தான் கெடும்.

அக்கா வீட்டுக்கு முதலில் இரண்டு வாரம் போய்வாருங்கள். அறையைக் காலி செய்யாதீர்கள், வேலையையும் விடாதீர்கள். சோர்வில் எடுக்கும் பெரிய முடிவுகள் பின்னால் உறுத்தும். அங்கே நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டில் குறைசொல்லும் பேச்சு எவ்வளவு? “இவ்வளவு குண்டாயிட்டியே”, “எப்பத்தான் சரியாகும்?” என்று தினமும் கேட்கிற வீட்டில் மனச்சோர்வு திரும்பும் வாய்ப்பு அதிகம். அதற்குத் தனி அறையே மேல். கிளம்புமுன் அக்காவிடம், “எடையைப் பற்றிப் பேச வேண்டாம், சேர்ந்து சாப்பிட்டால் போதும்” என்று சொல்லிவிடுங்கள். காய்கறி வாங்குவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது என ஏதாவது ஒரு வேலையை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியாகப் படுத்திருந்தால் சோர்வு கூடும்.

சென்னையிலேயே இருப்பதானால் வாரம் இரண்டு வேளையாவது யாரோடாவது சேர்ந்து சாப்பிட ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நாள் நீங்கள் போன் எடுக்காவிட்டால் வந்து கதவைத் தட்டக்கூடிய ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்கட்டும். மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைக்க வேண்டாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றே, எந்த நேரமானாலும், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.