அழைப்பு முடிந்ததும் ஏன் இந்த வெறுமை?

கேள்வி: ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்கு, ஊரில் அப்போது ஐந்தரை, மன்னார்குடியில் இருக்கும் அம்மாவோடு குடும்பமே ஸூமில் கூடுகிறோம். பதினாறு பேர். "சாப்பிட்டியா, அங்க மழையா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. முடிந்ததும் முன்னைவிடத் தனியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. எனக்குப் பாசம் குறைந்துவிட்டதா, அக்கா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: பாசம் அப்படியேதான் இருக்கிறது, தங்கச்சி. ஊர்க் கூடத்தில் பதினாறு பேர் உட்கார்ந்தால் மூலைக்கு மூலை தனிப் பேச்சு நடக்கும். அம்மா உங்கள் காதில் மட்டும் ஏதாவது சொல்வார். ஸூமில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாய்மூடி இருக்க வேண்டும். அப்புறம் எல்லார் காதிலும் விழக்கூடிய பேச்சுதானே மிஞ்சும்? இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் அதுவும் அறுந்துவிடும்.

கோவிட் பரவியபோது, 2020 மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியது. என் அக்கா அந்தப் பக்கம் ஜோகூர் பாருவில், நான் இந்தப் பக்கம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில். என் புளோக் தாழ்வாரத்தில் நின்றால் அவள் ஊர்க் கட்டடங்கள் தெரியும். நடுவில் உள்ள கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் 2022 ஏப்ரல் 1 அன்று தரைவழி முழுதாகத் திறந்த பிறகுதான் அவளைக் கட்டிப்பிடிக்க முடிந்தது.

அந்த நாட்களில், முதலில் நாங்களும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினோம். பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஒருநாள் அக்கா கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்துவிட்டு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள். திரையில் அவள் கைகளும் கீரையும் மட்டும். நானும் வெங்காயம் உரித்தேன். கால் மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு, தலை நிமிராமல், "அத்தானுக்கு மறதி ஜாஸ்தியாயிட்டே போகுதுடி" என்றாள். அத்தனை மாதமாக அதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளை அம்மா ஒருசேரப் பார்க்கும் நேரம் அது. அதில் உங்கள் முகம் உங்களுக்கே தெரியாதபடி மறைத்துவைக்க வசதி உண்டு. காணொளிச் சோர்வுக்கு, ஓயாமல் தன் முகத்தையே பார்ப்பதும் ஒரு காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021இல் எழுதினார்.

அதோடு வாரத்தில் ஒருநாள் அம்மாவை மட்டும் கூப்பிடுங்கள். அங்கே காலை ஆறு மணிக்கு அவர் காபி போடும்போது இங்கே எட்டரை. நீங்கள் துணி மடித்துக்கொண்டிருங்கள். அவராகப் பேசும்வரை எதுவும் கேட்காதீர்கள். கைப்பேசியை மட்டும் கனமான டப்பாவில் சாய்த்து வையுங்கள், தண்ணீர்ப் போத்தல் என்றால் சரிந்துவிடும்.