கேஸா, இண்டக்ஷனா? சுங்கை சிப்புட் வாசகர்களின் அடுப்புக் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஒன்றைத்தான் கேட்கின்றன: எந்த அடுப்பு சிறந்தது? எல்லா வீட்டுக்கும் பொருந்தும் விடை இதற்குக் கிடையாது. உங்கள் வீட்டில் என்னென்ன பாத்திரங்கள் புழங்குகின்றன, வயரிங் எந்த நிலையில் இருக்கிறது, வருடத்தின் பெரிய சமையல் எப்போது என்று தெரிந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். பலர் இந்த விவரங்களையும் சேர்த்தே எழுதியிருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கேள்வி: ஐயா, வணக்கம். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். மகன் ஈப்போவிலிருந்து இண்டக்ஷன் அடுப்பு வாங்கி வருகிறேன், இனி கேஸே வேண்டாம் என்கிறான். என்னிடம் இருப்பவை மாமியார் கொடுத்த இரும்பு தோசைக்கல், அலுமினிய இட்லிப் பானை, மீன் குழம்புக்கு மண்சட்டி, வறுவலுக்கு ஒரு குவாலி (வாணலி). இவற்றை அதில் வைக்கலாமா?

பதில்: அம்மா, இந்த நான்கில் தோசைக்கல் மட்டும்தான் தேறும், அதுவும் அரைகுறையாக. காரணத்தைச் சொல்கிறேன். இண்டக்ஷன் அடுப்பில் நெருப்பும் இல்லை, சூடாகும் தகடும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் பாயும் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறி, மேலே காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. இரும்புத் தன்மையுள்ள பாத்திரத்தை அங்கே வைத்தால் அதன் அடிப்பாகமே சூடாகிறது. அலுமினியம், செம்பு, மண், வெறும் கண்ணாடி எதை வைத்தாலும் அடுப்பு பாத்திரமே இல்லை என்று நினைத்து நின்றுவிடும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள். இறுக ஒட்டினால் சமைக்கலாம். எவர்சில்வரிலும் ஒட்டாதது உண்டு, அதனால் பார்வையை நம்பாதீர்கள். குக்கரையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள், நம் வீடுகளில் பழைய குக்கர்கள் பெரும்பாலும் அலுமினியம்தான்.

குவாலி இரும்பாகவே இருந்தாலும் அடி உருண்டையாக இருப்பதால் கண்ணாடியில் பட வேண்டிய அளவு படாது. தோசைக்கல் ஒட்டும், ஆனால் ஒற்றை இண்டக்ஷன் அடுப்புகளின் சுருள் பொதுவாகக் கல்லைவிடச் சிறியது. இரும்பு வெப்பத்தை மெதுவாகத்தான் பரப்பும். நடுவில் தோசை கருகும்போது ஓரம் வெளுத்திருக்கும். குறைந்த சூட்டில் சில நிமிடங்கள் கல்லைக் காயவிட்டால் ஓரளவு சரியாகும். எடுத்த எடுப்பில் சூட்டை உச்சத்தில் வைத்தால் மெல்லிய கல் வளைந்துபோகும். கல்லைக் கண்ணாடியில் இழுக்கவும் கூடாது, கீறல் விழும்.

மகனின் ஆசையையும் கெடுக்க வேண்டாம். ஒற்றை இண்டக்ஷன் அடுப்பு ஒன்று வாங்கி வரட்டும். வெந்நீர், சோறு, பருப்பு, ரசம், காலை அவசரத்துக்கு மீ கோரெங் எல்லாம் அதில் நடக்கட்டும். சமையலறை சூடேறாது, கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தால் போதும். இரண்டு தலை கேஸ் அடுப்பை மட்டும் விற்றுவிடாதீர்கள். தோசைக்கும் மண்சட்டிக்கும் தாளிப்புக்கும் அதுதான் வேண்டும். மாமியார் கொடுத்த கல்லை ஓர் அடுப்புக்காக ஓரங்கட்டுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மாதச் செலவு எதில் குறையும்? கடையில் இண்டக்ஷன்தான் மலிவு என்கிறார்கள், அக்கம்பக்கத்தில் கேஸ்தான் என்கிறார்கள்.

பதில்: இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கான கேஸ் அரசாங்க உதவித்தொகையுடன் கிலோ 1.90 ரிங்கிட். 14 கிலோ தோம்பு (சிலிண்டர்) 26.60 ரிங்கிட், வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி தனி. ஒரு தோம்பில் ஏறத்தாழ 180 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் இருக்கிறது, ஆக ஒரு யூனிட் 15 சென். ஆனால் கேஸ் தீயின் வெப்பத்தில் சுமார் 40 சதவீதம்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மீதி உங்கள் முகத்திலும் சுவரிலும் அடிக்கிறது. எனவே சோற்றுக்குள் போகும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு நீங்கள் கொடுப்பது 37 சென் அளவு.

இண்டக்ஷனில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்குப் போகும். 2025 ஜூலையில் வந்த மின்கட்டண முறையில் எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு ஆகிய மூன்று கட்டணங்களையும் கூட்டினால், தள்ளுபடிக்கு முன், யூனிட்டுக்கு ஏறத்தாழ 44 சென். அதை 0.85ஆல் வகுத்தால் 52 சென். இப்படிப் பார்த்தால் கேஸ்தான் மலிவு. ஆனால் மாதம் 1000 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு ஊக்கத் தள்ளுபடி உண்டு, பயன்பாடு குறையக் குறையத் தள்ளுபடி கூடும். ஏர்கோன் இல்லாமல் விசிறியும் ஃப்ரிட்ஜும் மட்டும் ஓடும் சின்னக் குடும்பத்துக்கு இண்டக்ஷன் கேஸைவிட மலிவாகவே வரலாம். இரவெல்லாம் ஏர்கோன் ஓடும் வீட்டில் கேஸ்தான் மலிவாக வரும். உங்கள் பில்லை எடுத்து மாத யூனிட்டைப் பாருங்கள். இண்டக்ஷன் வந்த பிறகு யூனிட் ஏறித் தள்ளுபடி குறையும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். 4 கிலோவாட் என்று விளம்பரம் செய்யும் கேஸ் தலையிலிருந்து பாத்திரத்துக்குப் போவது 1.6 கிலோவாட். 2 கிலோவாட் இண்டக்ஷனிலிருந்து போவது 1.7. பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்.

கேள்வி: அண்ணே, இன்ஃப்ராரெட் அடுப்பும் இண்டக்ஷனும் ஒன்றுதானே? பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன.

பதில்: இல்லை தம்பி. இன்ஃப்ராரெட் அடுப்பில் கண்ணாடிக்குக் கீழே கம்பி பழுத்துச் சிவக்கும், அந்தச் சூடு கண்ணாடி வழியாக மேலே ஏறும். தட்டை அடி இருந்தால் அலுமினியத்தையும் வைக்கலாம், அதுதான் அதன் பெருமை. ஆனால் சூடேற நேரம் பிடிக்கும், அணைத்த பிறகும் கண்ணாடி நெடுநேரம் சுடும். வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் வேண்டாம் என்பேன்.

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. அவர்தான் காலையில் எல்லோருக்கும் தேநீர் போடுவார். இண்டக்ஷன் வாங்கலாமா?

பதில்: பேஸ்மேக்கருக்கும் இண்டக்ஷன் அடுப்புக்கும் இடையில் குறைந்தது 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அடி, இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் அறிவுரை சொல்கிறது. தேநீர் ஆற்றுகிறவர் அந்தத் தூரத்தை ஒவ்வொரு நாளும் நினைவில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது சரியல்ல. அவருடைய இதய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அதுவரை கேஸ் அடுப்பிலோ மின் கெட்டிலிலோ போடட்டும்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் இருக்கிறோம். பழைய வயரிங். இரண்டு தலை இண்டக்ஷன் ஹாப் தள்ளுபடியில் கிடைக்கிறது. மூன்று முள் பிளக்கில் செருகினால் போதுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நம் நாட்டின் மூன்று முள் பிளக் 13 ஆம்பியர் வரைதான் தாங்கும், அதாவது சுமார் 3 கிலோவாட். ஒற்றை இண்டக்ஷனுக்கு அது போதும். இரண்டு தலை ஹாப்களில் 3 கிலோவாட்டைத் தாண்டுபவை பல, நான்கு தலை என்றால் 7 வரை போகும். அவற்றுக்கு மின் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், தனி சுவிட்ச் வேண்டும். இதை எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் நிர்வாகத்திடம் முன்கூட்டிக் கேளுங்கள். அரிசி குக்கர், கெட்டில், இண்டக்ஷன் மூன்றையும் ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டியிருப்பதை எத்தனையோ குசினிகளில் பார்க்கிறேன். பிளக் சூடாகிப் பழுப்பேறியிருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். நம் பக்கம் மாலையில் இடிமின்னல் வருவதைச் சொல்லவே வேண்டாம். இண்டக்ஷனுக்குள் மின்னணுப் பலகை இருக்கிறது, மின்னல் பாய்ச்சலில் முதலில் போவது அதுதான். வானம் இருட்டியதும் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். அடுத்தது எறும்பும் கரப்பானும். அடியிலுள்ள விசிறித் துவாரம் வழியாக உள்ளே போய், வெதுவெதுப்பான அந்தப் பலகையில் குடியேறிவிடும். இரவில் அடுப்பைத் துடைத்து, சோற்றுப் பருக்கை சிந்தாத இடத்தில் வையுங்கள்.

அந்தத் தள்ளுபடி ஹாப்பை விட்டுவிடுங்கள். வயரிங்குக்கு ஆகும் செலவையும் சேர்த்தால் அது மலிவே இல்லை.

கேள்வி: பாயாசமும் பால் கொழுக்கட்டையும் இண்டக்ஷனில் அடிபிடிக்கின்றன. மிகக் குறைந்த சூட்டில்தான் வைக்கிறேன்.

பதில்: விலை குறைந்த அடுப்புகள் உண்மையில் சூட்டைக் குறைப்பதில்லை. சில நொடி முழு வேகத்தில் எரிந்து, சில நொடி நின்று, மறுபடி எரியும். சராசரிதான் குறைவு. அந்தச் சில நொடியில் மெல்லிய பாத்திரத்தில் பால் பிடித்துக்கொள்ளும். கனமான அடியுள்ள பாத்திரம் வாங்குங்கள். புது அடுப்பு வாங்கும்போது கடையிலேயே தண்ணீர் வைத்து, மிகக் குறைந்த சூட்டில் விட்டுவிட்டுக் கொதிக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மேடையில் பதிக்கும் கேஸ் ஹாப் வாங்கப் போகிறோம். கண்ணாடியா, எவர்சில்வரா?

பதில்: என் தேர்வு எவர்சில்வர். கண்ணாடி அழகுதான், துடைப்பதும் எளிது, கெட்டிப்படுத்திய கண்ணாடிக்கு வலுவும் உண்டு. ஆனால் தாங்கியைவிட அகலமான சட்டியை வைத்தால் தீ கீழே மடங்கிக் கண்ணாடியைச் சுடும். சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த நீர் கொட்டினாலோ ஓரத்தில் அம்மிக் குழவி பட்டாலோ மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஆட்டுக்கறியைப் பெரிய சட்டியில் சமைக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. எதை வாங்கினாலும் தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒன்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

கேள்வி: கேஸ் தீ மஞ்சளாக எரிகிறது. சட்டியெல்லாம் கரி.

பதில்: காற்று போதவில்லை. தலையைக் கழற்றி ஊறவைத்துத் தேய்த்து, துளைகளை ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதன் பிறகும் மஞ்சளாகவே எரிந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். அப்படி எரியும் தீ கார்பன் மோனாக்சைடு கக்கும், அதற்கு வாசனை கிடையாது. அதுவரை சன்னலைத் திறந்தே சமையுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு முறுக்கு விற்கிறேன். வீட்டு அடுப்பில் எண்ணெய் காய்வதற்குள் பொழுது போய்விடுகிறது. கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய தலை அடுப்பை வாங்கிக் குசினியில் வைக்கலாமா?

பதில்: வாங்கலாம் அக்கா, ஆனால் குசினியில் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கூரைக்கடியில், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். லயத்தில் விறகடுப்பு இருந்த இடம் போன்ற ஓர் இடம்தான் இதற்கு ஏற்றது. அந்த அடுப்பு உயர் அழுத்தத்தில் எரிவது. அதற்கென்று தனி ரெகுலேட்டரும் அந்த அழுத்தம் தாங்கும் குழாயும் வேண்டும். வீட்டு அடுப்பின் ரெகுலேட்டரை அதில் மாட்டினால் தீ சோர்ந்து எரியும். அதன் ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டினால் தீ எகிறி ஆபத்தாகும். இரண்டையும் வேறு வேறு நிறத்தில் அடையாளம் இட்டு வையுங்கள், உதவிக்கு வரும் பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள்.

தோம்பு நிமிர்ந்தே நிற்க வேண்டும், தீயிலிருந்து தள்ளி. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு ஓடிச் சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும். அதனால் கால்வாய் ஓரத்தில் தோம்பை வைக்காதீர்கள். புதுத் தோம்பு மாட்டிய ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அடுப்பைப் பற்றவைக்காமல் தோம்பின் வால்வை மூடிவிட்டுக் கேஸ் கடைக்குத் தகவல் கொடுங்கள்.