படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது உடனிருப்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. அண்மைக் காலமாகத் திடீர் திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், செத்துவிடுவேன் என்று அழுகிறாள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக உள்ளன. பேனிக் அட்டாக் என்கிறார் மருத்துவர். அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லலாமா?

பதில்: காகிதப் பை வேண்டாம். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்துவிடுகிறது. விரல்கள் மரத்துப்போவதும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும், தலை சுற்றுவதும் பெரும்பாலும் அதனால்தான். வெளிவிட்ட காற்றையே மீண்டும் இழுத்தால் அது ஈடாகிவிடும் என்ற கணக்கில் வந்த பழக்கம் இது. ஆனால் திணறலுக்குக் காரணம் ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்துவிட்டால், ஆக்சிஜன் மேலும் குறைந்து உயிருக்கே ஆபத்தாக முடியும். மூச்சை மெதுவாக்கினாலே போதுமானது.

பேனிக் அட்டாக் பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் தானாகவே தணியும். ஆகவே அதை நிறுத்துவதற்காகப் போராடாமல், அது அடங்கும்வரை பதறாமல் உடனிருங்கள். சுற்றி நிற்பவர்களை விலக்கி, அவரை வசதியாக உட்கார வையுங்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் உலுக்குவதும் தேவையற்றவை. கையைப் பிடிப்பதாக இருந்தால்கூடக் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். "ஒன்றுமில்லை, சும்மா பயப்படாதே" என்பது, அனுபவிப்பவரின் காதில் "நீ நடிக்கிறாய்" என்றே விழும். "முன்பும் இப்படித்தான் வந்தது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், நான் கூடவே இருக்கிறேன்" என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். பலரும் "நன்றாக இழுத்து மூச்சு விடு" என்பார்கள். ஏற்கெனவே அதிகமாக மூச்சு வாங்குபவருக்கு அது தொல்லைதான். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மெல்ல இழுத்து, ஆறு எண்ணும்வரை விடும்படி, நீங்களும் சேர்ந்து செய்து காட்டுங்கள். எண்ணுவது எரிச்சலூட்டினால் விட்டுவிடுங்கள். வீட்டில் வேறொருவருக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒருமுறை பேனிக் என்று சொல்லிவிட்டதால் ஒவ்வொரு முறையும் அதுவே என்று கொள்ள முடியாது. நெஞ்சை அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலும், மயங்கி விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், வழக்கமான நேரம் கடந்தும் தணியாவிட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். நடுவயதைக் கடந்தவருக்கோ, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவருக்கோ முதன்முறையாக இப்படி வந்தால், ஈசிஜி பார்க்கும்வரை இதயக் கோளாறாகவே கருத வேண்டும். "வாயுப் பிடிப்பு" என்று சோடா கொடுத்து நேரத்தைக் கடத்துவது நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை.

அடங்கிய பின் களைப்பு மிகுதியாக இருக்கும்; ஓய்வெடுக்கட்டும், விசாரணை அப்போது வேண்டாம். பேருந்தில் வந்தது என்பதற்காகப் பேருந்தையே தவிர்க்கத் தொடங்கினால், தவிர்க்கும் இடங்களின் பட்டியல் நீண்டு, பயம் வேரூன்றிவிடும். தைராய்டு பரிசோதனை செய்யாமலிருந்தால் செய்துவிடுங்கள்; காபியைக் குறைப்பதும் நல்லது. அடிக்கடி வருவதால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம்: பயமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சு, பயிற்சி வழியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை நல்ல பலன் தரும், மாத்திரை எழுதித் தந்தால் அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.