மின்சார கார்: தீப்பிடிக்குமா, பணம் மிஞ்சுமா?

மாதம் 1000 கி.மீ. ஓட்டுகிறேன், சென்னையில் சொந்த வீடு, மின்சார கார் வாங்கலாமா, பணம் மிஞ்சுமா, தீப்பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள்.

லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு மாதம் சுமார் 6,700 ரூபாய் ஆகும். மின்சார கார் ஒரு யூனிட்டில் ஆறு, ஏழு கி.மீ. ஓடும். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் மாதம் 170 யூனிட். பலர் சறுக்குவது இங்கேதான். நம் மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதம் ஏறிக்கொண்டே போகும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் காரின் இரண்டு மாத 340 யூனிட்டும் மேல்படியில்தான் விழும். எனவே யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வையுங்கள். அப்போதும் மாதம் 1,700 ரூபாய்தான். வெளியே விரைவு சார்ஜரையே நம்பினால் இந்த லாபம் கணிசமாகக் குறைந்துவிடும். டயரும் சற்று விரைவாகத் தேயும். வண்டியின் எடை அப்படி.

தீ அபாயம் குறைவு. ஆனால் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம், அணைந்தபின் மீண்டும் பற்றலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகை பேட்டரி வெப்பத்தை நன்றாகத் தாங்கும். டாடா நெக்ஸான் மின்சார காரில் இருப்பது அதுதான். 2024இல் பாரத் என்கேப் என்ற இந்திய கார் பாதுகாப்பு மோதல் சோதனையில் அந்தக் கார் ஐந்து நட்சத்திரம் பெற்றது.

எனக்குப் பேட்டரியைவிடச் சுவர் பிளக் மீதுதான் பயம். பிடிப்பு தளர்ந்த பழைய சாக்கெட்டில் இரவு முழுக்க சார்ஜ் போட்டால் பிளக் சூடேறி முனை கருகும். எர்த்துடன் தனி வயரிங் இழுத்துவிடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரைச் சார்ஜில் போடாதீர்கள், இயக்கவும் வேண்டாம். சர்வீஸ் நிலையத்துக்குத் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள்.