200 கடல் மைல் சட்டங்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: கரையிலிருந்து எவ்வளவு தூரம் ஒரு நாட்டின் கடல் என்றால், முன்பு 3 மைல்தான் என்பார்கள். இப்போது மீன்பிடி உரிமைக்கு 200 என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

பதில்: 3 மைல் என்பது பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் என்று வைத்த பழைய கணக்கு. 200 மைலை ஆரம்பித்து வைத்தவை சிலியும் பெருவும், 1947இல். 1952இல் ஈக்வடாரும் சேர்ந்துகொண்டது. அங்கே சூரை (டூனா) மீன் பிடிக்கப் போன அமெரிக்கப் படகுகளைப் பிடித்து அபராதம் போட்டார்கள். அமெரிக்க அரசோ அந்த எல்லையை ஏற்காமல், 1954இல் ஒரு சட்டம் போட்டு அபராதப் பணத்தைப் படகு முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது!

கேள்வி: அதே அமெரிக்கா 1976இல் 200 மைல் சட்டம் போட்டதே?

பதில்: சொந்தக் கரையில் அடி விழுந்ததும் மனம் மாறிவிட்டது. 1960களில் சோவியத் கப்பல்கள் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையான நியூ இங்கிலாந்துக்கு எதிரே, ஜார்ஜஸ் திட்டு என்ற மீன்வளம் மிக்க ஆழமில்லாத கடல் பகுதியில் வந்து குவிந்தன. பிடித்த மீனைக் கப்பலிலேயே அறுத்து உறையவைக்கும் மிதக்கும் தொழிற்சாலைகள் அவை. செனட்டர்கள் வாரன் மேக்னசனும் டெட் ஸ்டீவன்ஸும் சட்டத்துக்கு முன்னின்றார்கள். வெளியுறவுத் துறை வேண்டாம் என்றது. அதிபர் ஃபோர்டு 1976 ஏப்ரலில் கையெழுத்திட்டார். 1977 மார்ச் 1 முதல் அமல். அதிலும் சூரைக்கு மட்டும் விலக்கு, தங்கள் படகுகள் தென் அமெரிக்கப் பக்கம் போகவேண்டுமே! 1990 திருத்தத்தில்தான் அந்த விலக்கு போனது.

கேள்வி: ராணுவமே இல்லாத ஐஸ்லாந்து மீன்பிடித் தகராறில் பிரிட்டனை எப்படி மடக்கியது?

பதில்: 1958இல் 12 மைல், 1972இல் 50, 1975இல் 200 என்று ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் மீன்பிடி எல்லையைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 1972இல் ஒரு கருவி இறங்கியது. காவல் கப்பல் ஒரு கொக்கியைத் தண்ணீருக்குள் இழுத்தபடி பிரிட்டிஷ் டிராலரின் (இழுவலைக் கப்பலின்) பின்னால் குறுக்கே போகும். வலையை இழுக்கும் எஃகு வடம் கொக்கியில் சிக்கி அறுந்துவிடும். அவ்வளவுதான், வலையும் பிடித்த மீனும் கடலோடு போச்சு. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது, கப்பலோடு கப்பல் முட்டிக்கொண்டன. ஆனால் ஐஸ்லாந்தின் நிஜமான துருப்புச் சீட்டு, அதன் மண்ணில் இருந்த கெஃப்லாவிக் ராணுவ விமானத் தளம். அதை இழக்க மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவுக்கு மனமில்லை. 1976 ஜூனில் பிரிட்டன் இறங்கி வந்தது.

கேள்வி: 200 மைலுக்குள் அயல்நாட்டுக் கப்பல் வரவே கூடாதா?

பதில்: வரலாம், போகலாம். அனுமதியில்லாமல் மீன் பிடிக்கக் கூடாது. 12 மைல் வரைதான் நாட்டின் முழு ஆட்சி. அதற்கு அப்பால் மீன் போன்ற வளங்களின் மேல்தான் உரிமை. அந்தப் பகுதியில் பிடிபட்டவர்கள் தகுந்த பிணை கட்டினால் படகோடு விட்டுவிட வேண்டும், தனி உடன்பாடு இல்லாமல் சிறைத்தண்டனை கூடாது என்கிறது 1982 கடல் சட்ட ஒப்பந்தம்.

கேள்வி: சரி, மீன் பெருகியதா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இல்லை. வெளியார் போன இடத்தில் உள்ளூர்ப் படகுகள், அதுவும் அரசு கடன் உதவியோடு, வந்து நிரம்பின. மீனுக்கு எந்தக் கொடி என்று தெரியுமா என்ன? கனடா 1977இல் 200 மைல் அறிவித்தது. 15 வருடத்தில், 1992 ஜூலையில், அதன் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தில் காட் (cod) மீன் பிடிக்கவே தடை போடவேண்டி வந்தது. 1994இல் ஜார்ஜஸ் திட்டின் பெரும் பகுதிகளும் மீன்பிடிப்புக்கு மூடப்பட்டன.

கேள்வி: அப்படியானால் சட்டமே வீணா?

பதில்: எல்லை இல்லாவிட்டால் மூடும் அதிகாரமே இருந்திருக்காது. மூடிய அந்தப் பகுதிகளில் காட் சரியாகத் திரும்பவில்லை. ஆனால் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஸ்காலப் சிப்பி அங்கே கொழுத்துப் பெருகியது.